கரும்பு போன வழியில் போன மைனா

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். தன் சொந்த மண்ணை விட்டு வேறு நாடு போய்ப் பெருகி, அங்குள்ள உயிர்களுக்குக் கேடு செய்கிற 100 உயிரினங்களின் பட்டியல். அதில் பறவைகள் மூன்றுதான். ஒன்று ஐரோப்பாவின் ஸ்டார்லிங். மற்ற இரண்டு மைனாவும் செம்புழைக் கொண்டைக்குருவியும். இந்த இரண்டும் குஜிலியம்பாறையில் எங்கள் முருங்கைக் காட்டில் தினமும் பார்க்கிற பறவைகள். கொண்டைக்குருவி வேலியோரக் கோவைப்பழத்துக்கு வரும். மைனா கிணற்றுக் கல் இடுக்கில் குஞ்சு பொரிக்கும். ஊரில் யாரும் இவற்றைக் கேடு என்று சொல்லிக் கேட்டதில்லை.

கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே மழையை நம்பிக் கிடக்கிற மானாவாரிச் சீமை இது. சோளம், நிலக்கடலை, முருங்கை, செம்மறிப் பட்டி. கோடை மழை ஒன்று விழுந்ததும் புழுதி உழவு தொடங்கும். டிராக்டர் கலப்பைக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு ஒரு பக்கம், மைனா ஒரு பக்கம் என்று வரிசையாக நடந்து வரும். அப்பா மாடு கட்டி உழுத காலத்திலும் அப்படித்தான் வந்தன. மைனா இறங்காத காட்டில் மண்ணில் சத்து இல்லை என்பார் அவர்.

நான் வரலாறு நடத்திய ஆசிரியை. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் மொரிசியஸுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போன பாடத்தை வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். அதே கடல் வழிகளில் ஒரு பறவையும் போயிருக்கிறது என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, 2020 மே மாதத்தில், வடக்கே ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பாலைவன வெட்டுக்கிளி இறங்கிய செய்தி வந்தபோது எங்கள் ஊர்க் காட்டுக்காரர்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வெட்டுக்கிளியைப் பற்றித் தேடிப் படிக்கப் போனவளைத்தான் அந்தத் தேடல் மைனாவிடம் கொண்டுபோய் விட்டது. மெல்போர்னில் இருக்கிற அக்கா மகனிடம் போனில் சொன்னேன். "சித்தி, நீங்க வேற. இங்க மைனான்னாலே ஆளுங்களுக்கு ஆகாது. கூண்டு வச்சுப் பிடிக்கிறாங்க" என்றான். "நம்ம ஊர்ப் பறவையாப்பா அது?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

கதை வெட்டுக்கிளியில்தான் தொடங்குகிறது. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இரண்டு தீவுகள் இருந்தன. ஒன்று பூர்போன், இன்றைய ரீயூனியன். மற்றது ஈல் தெ பிரான்ஸ், இன்றைய மொரிசியஸ். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பக்கத்தைச் சுட்டும் மஸ்கரை என்ற பெயர் நினைவிருக்கும். புதுச்சேரிக்கும் அந்தத் தீவுகளுக்கும் கப்பல் போக்குவரத்து ஓயாமல் நடந்தது. 1735இல் மொரிசியஸ் ஆளுநராகப் பொறுப்பேற்ற லபூர்தொன்னே, துறைமுகம் கட்டுவதற்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுபோனார். தமிழர் அந்தத் தீவில் கால் வைத்தது கரும்புத் தோட்டக் கூலிகள் போவதற்கு நூறு ஆண்டு முன்பே.

ரீயூனியனில் வெட்டுக்கிளி வெள்ளாமையை அழித்தது. மடகாஸ்கரிலிருந்து செடி கொண்டுவந்தபோது வேர் மண்ணோடு முட்டையும் வந்துவிட்டது என்று பிரெஞ்சு இயற்கையியலாளர் பஃபோனின் பறவை நூல் சொல்கிறது. ஆளுநராக இருந்த தெஃபோர்ஜ் பூஷே இந்தியாவிலிருந்து சில ஜோடி மைனாக்களை வரவழைத்து விட்டார். மைனா பெருகியது, வெட்டுக்கிளி குறைந்தது. அதன் பிறகு நடந்ததுதான் என்னைக் கட்டிப் போட்ட பகுதி. புதிதாக விதைத்த நிலத்தில் மைனாக்கள் மண்ணைக் கிளறுவதைக் குடியேறிகள் பார்த்தார்கள். விதையைத் தின்கிறது என்று முடிவு கட்டினார்கள். மைனாவுக்கு எதிராக ஆணை பிறந்தது. தீவு முழுக்கத் தேடித் தேடிக் கொன்றார்கள். மைனா தீர்ந்தது. வெட்டுக்கிளி திரும்பியது. வெறும் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள், மைனாவை விரட்டியதற்காக வருந்தினார்கள். எட்டு ஆண்டு கழித்து மறுபடியும் இந்தியாவிலிருந்து மைனா வந்தது. இம்முறை அதைக் காக்கச் சட்டம். அது போதாதென்று, மைனாக் கறி உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர்களை வைத்து அறிவிக்கவும் செய்தார்கள்.

விதைத்த காட்டில் மைனா கிளறுவது எதற்கு என்று எங்கள் ஊர் உழவர் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். புழுவுக்கு. ஒரு பறவையைக் கொண்டுபோனவர்கள் அதை அறிந்த மனிதர்களின் சொல்லைக் கொண்டுபோகவில்லை. அடுத்து வந்த இருநூறு ஆண்டுகளிலும் இந்தத் தவறு மாறவில்லை என்றே நினைக்கிறேன்.

மொரிசியஸுக்கு 1762இல் மொதாவ் பிரபு இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுவந்தார். செவ்வெட்டுக்கிளியை ஒழிக்க. 1770 வாக்கில் வெட்டுக்கிளித் தொல்லை அடங்கிவிட்டது என்று பதிவாகியிருக்கிறது. ஒரு பூச்சியை அடக்க அதன் எதிரியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய் வெற்றி கண்டதற்கு முதல் எடுத்துக்காட்டாகப் பூச்சியியல் நூல்கள் இன்றும் இதைத்தான் காட்டுகின்றன. 1766இல் லின்னேயஸ் மைனாவுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அது பிலிப்பைன்ஸ் பறவை என்று எழுதிவிட்டார். பின்னால் வந்த அறிஞர்கள் அதைத் திருத்தி, அந்த இனத்துக்குரிய மூல ஊர் என்று பதிந்த இடம் புதுச்சேரி. உலகத்தில் எந்த மூலையில் ஒரு மைனாவை ஆராய்ந்தாலும் ஏடுகளில் அதன் சொந்த ஊர் நம் கடற்கரைதான்.

மொரிசியஸ் வெற்றி மற்றவர்களுக்கு ஆசை காட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு போன பல இடங்களுக்குக் கூலியாட்களும் போனார்கள், மைனாவும் போனது. அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்த பிறகு 1834இலிருந்து இந்தியக் கூலிகள் மொரிசியஸில் இறங்கினார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனைச் சேர்ந்தது. டர்பனில் மைனா வேர் பிடித்தது 1902இல் கூண்டிலிருந்து தப்பிய பறவைகளால் என்பது அங்கே வழங்கும் வரலாறு. ஹவாயில் கூலியாட்களையும் மைனாவையும் கொண்டுவரும் இரண்டு வேலையும் ஒரே மனிதர் கையில் இருந்தது. வில்லியம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர், தாவரவியலாளர். தோட்டங்களுக்குக் கூலியாள் தேடி 1865இல் அவரை ஆசியாவுக்கு அனுப்பினார்கள். ஆள் ஏற்பாட்டோடு, படைப்புழுவை அழிக்க இந்தியாவிலிருந்து மைனாவையும் கொண்டு சேர்த்தார். பிஜிக்கு 1890 வாக்கில் கரும்புப் பூச்சிக்காக மைனா போனது. 1903இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பிஜிக்குக் கூலிக் கப்பல் போகத் தொடங்கியது. கிட்டத்தட்ட அதே ஆண்டில்தான் கொண்டைக்குருவியும் இந்தியத் தொழிலாளர்களோடு பிஜியில் இறங்கியது. கூலிக் கப்பலின் கீழ்த்தளத்தில் ஒருவர் கொண்டைக்குருவிக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு போயிருப்பாரா? நம் பக்கங்களில் கொண்டைக்குருவியைச் சண்டைக்கு வளர்க்கிற வழக்கம் பழையது. வளர்த்தவர் கையோடு கொண்டுபோயிருக்கலாம்.

மலேயாவிலும் இப்படியே. கிள்ளான் பக்கத்துக் காபித் தோட்டங்களில் கம்பளிப்புழு பெருகியபோது, 1890களில் இலங்கையிலிருந்து காக்கையைக் கொண்டுவந்து விட்டார்கள். காபி போய் ரப்பர் வந்தது. காக்கை மட்டும் நிலைத்து, தீபகற்பம் முழுக்கப் பரவி, சிங்கப்பூர் வரை இறங்கியது. நம் மக்கள் அமாவாசைக்குச் சோறு வைக்கிற அதே பறவையைக் கிள்ளானில் நகராட்சி ஆட்களை வைத்துச் சுட்டிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு மைனா போன காரணம் கொஞ்சம் வேறு. மெல்போர்னில் 1861இல் எட்வர்ட் வில்சன் என்ற பத்திரிகைக்காரர் முன்னின்று ஒரு சங்கம் தொடங்கினார். உலகத்தின் பயனுள்ள உயிர்களையெல்லாம் அந்த மண்ணில் குடியேற்றுவது அதன் நோக்கம். அடுத்த ஆண்டிலிருந்தே காய்கறித் தோட்டப் பூச்சிக்காக மைனாக்களைத் திறந்துவிட்டார்கள். 1883 வாக்கில் மைனா வட குயின்ஸ்லாந்துக் கரும்புக்கும் போனது. கரும்பு வண்டு அதனால் அடங்கவில்லை. 1935இல் அதே வண்டுக்காக ஹவாயிலிருந்து தேரையைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தேரை செய்த அழிவு உலகம் அறிந்தது.

ஆஸ்திரேலிய மைனாக்களின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் வெளியான ஒரு கட்டுரை, இந்தப் பரவலை இரண்டு வேகப் படையெடுப்பு என்று சொல்கிறது. மனிதன் தூக்கிப்போய் விட்டது ஒரு வேகம். அங்கிருந்து பறவை தானாக நகர்ந்தது இன்னொரு வேகம். தானாக நகர்வது மெதுவானது. மைனா ஊரைச் சார்ந்து வாழ்கிற பறவை, பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போகாது. எங்கள் கிணற்று மைனாக்கள் ஆண்டு முழுக்க அந்தக் காட்டைச் சுற்றியே இருப்பதைப் பார்க்கிற எனக்கு இதில் வியப்பில்லை. கான்பெராவுக்கு 1968க்கும் 1971க்கும் இடையே வெறும் 110 பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே ஊரெல்லாம் மைனா. அவ்வளவும் பறந்து வந்து சேர்ந்திருக்க வேண்டுமானால் பல தலைமுறை ஆகியிருக்கும்.

போன இடமெல்லாம் மைனா பிழைக்கவில்லை. நியூசிலாந்தில் 1870களில் இரண்டு பெரிய தீவுகளிலும் விட்டார்கள். வடதீவில் பிழைத்தது. தென்தீவின் குளிரில் அற்றுப்போனது. நூற்றைம்பது ஆண்டு ஆகியும் அங்கே அது நிலைகொள்ளவில்லை.

இனி மரபணுவின் பேச்சுக்கு வருவோம். வீட்டுக் குதிரில் கலப்பு விதைச் சோளம் ஒரு மூட்டை இருக்கிறது என்று வையுங்கள். பெரும்பாலும் வெள்ளை, நடுவே கொஞ்சம் மஞ்சள், எங்கோ ஒன்றிரண்டு சிவப்பு. புதுக்காட்டுக்குப் போகிறவர் இரண்டு கைப்பிடி அள்ளிக்கொண்டு போகிறார். அரிதான சிவப்பு அந்தக் கைப்பிடியில் வராமலே போகலாம். தற்செயலாக நாலு சிவப்பு வந்துவிட்டால், அந்தக் காட்டின் அடுத்த தலைமுறைச் சோளத்தில் சிவப்பு மூட்டையில் இருந்ததைவிட மிகுதியாகிவிடும். ஒவ்வொருவர் கைப்பிடியும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், பத்துக் காட்டுச் சோளமும் பத்து விதமாகும். கப்பலில் போன மைனாக்களுக்கு நடந்தது இதுதான்.

இதை முதலில் அளந்து காட்டியவர்கள் ஆலன் பேக்கரும் அப்துல் மொயீதும். இந்தியாவிலும், மைனா குடியேறிய நாடுகளிலும் பறவைகளின் புரதங்களைப் பிரித்துப் பார்த்து 1987இல் எழுதினார்கள். டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் கருவி பரவாத காலம் அது. புரதத்தின் வேறுபாட்டை வைத்தே மரபின் வேறுபாட்டைக் கணித்தார்கள். அரிதான மரபு வகைகள் பயணத்திலேயே உதிர்ந்துவிட்டன என்று தெரிந்தது. வியப்பு அதற்கு அடுத்தது. இந்தியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டு வாழ்ந்த மைனாக் கூட்டங்களுக்குள் இருக்கிற வேறுபாட்டைவிட, நூறு நூற்றிருபது ஆண்டுக்குள் குடியேறிய கூட்டங்கள் ஒன்றுக்கொன்று கூடுதலாக வேறுபட்டு நின்றன. அதோடு, இழந்தது பெரும்பாலும் அரிய வகைகளைத்தான். பொதுவாக உள்ள பன்மை பெரிதாகக் குறையவில்லை. போன இடத்தில் வேகமாகப் பெருகியதுதான் காரணம். சிறு கூட்டமாகவே பல தலைமுறை கிடந்தால்தான் மரபு வற்றிப்போகும். மைனா அப்படிக் கிடக்கவில்லை. நாலைந்து முட்டை இடும், ஒரே பருவத்தில் மறுபடியும் கூடு கட்டும்.

மெல்போர்ன் மைனா நம்ம ஊர்ப் பறவையா என்ற என் கேள்விக்கு 2023இல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிஜி, ஹவாய், தென்னாப்பிரிக்கா என்று 814 மைனாக்களின் டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான இடங்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். மெல்போர்ன் மைனாவும் பிஜி மைனாவும் மகாராஷ்டிரத்தில் உள்ள ஒரு கூட்டத்தின் வழி வந்தவை. நியூசிலாந்துக்குப் போனவை மெல்போர்னிலிருந்து. ஹவாய்க்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தியாவின் வேறு பகுதிகளிலிருந்து தனித்தனியாகப் போயிருக்கின்றன. படித்தவுடன் அக்கா மகனுக்குச் செய்தி அனுப்பினேன், உங்க ஊர் மைனா பம்பாய்ப் பக்கத்து ஆளுங்க என்று. நம் சென்னைக் கப்பலில் போனதாக இருக்க வேண்டும் என்று மனது ஆசைப்பட்டது உண்மை. ஆனால் துறைமுகப் பதிவேட்டில் எழுதாமல் விட்டதைப் பறவையின் இரத்தம் எழுதி வைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய செய்தி. ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆள்வாரியாகப் பெயர், சாதி, ஊர், மச்சம் வரை எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். பறவைக்கு எண்ணிக்கைகூடச் சரியாக இல்லை. இப்போது அந்த ஏட்டைப் படிக்க வழி பிறந்திருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொன்று. நியூசிலாந்து வடதீவின் நடுவே ஓடும் மலைத்தொடருக்கு இப்புறமும் அப்புறமும் மைனாக்கள் இரண்டு மரபுக் கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. ஒரே மூதாதைக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள். மலையும் அடர்காடும் குறுக்கே நின்றதால் கலக்காமல் பிரிந்துவிட்டார்கள். மாடு மேய்கிற இடம், உழுத இடம், வீட்டு ஓடு, இவற்றை நம்பி வாழ்கிற பறவைக்கு அடர்காடு ஒரு சுவர்.

இதுவரை சொன்னது தற்செயலின் விளையாட்டு. புது மண்ணுக்கு ஏற்றபடி பறவை மாறுகிறதா என்பது அடுத்த கேள்வி. தென்னாப்பிரிக்காவில் 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, மைனா முதலில் பரவத் தொடங்கிய பகுதியிலிருந்து இப்போது எட்டியிருக்கிற எல்லை வரை பறவைகளைப் பிடித்து அளந்தது. பறப்பதோடு தொடர்புடைய உறுப்புகளின் அளவு, தொடக்க இடத்திலிருந்து தூரம் போகப் போக மாறிக்கொண்டே போனது. அதுவும் பெண் பறவைகளின் சிறகிலும் தலையிலும்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. இரை தேடுவதோடு தொடர்புடைய உறுப்புகள் தூரத்தைப் பொறுத்து மாறவில்லை. அந்தந்த இடத்துத் தாவரங்களையும் நகரத்தின் நெருக்கத்தையும் பொறுத்து மாறின. காரணம் எளிது. பரவலின் எல்லைக்கு முதலில் வந்து சேர்வது நன்றாகப் பறக்கிற பறவைகள். அங்கே இணை தேடினால் கிடைப்பதும் அதேபோல் வந்து சேர்ந்த ஒன்றுதான். இரண்டுக்கும் பிறக்கும் குஞ்சு இன்னும் தூரம் போகும். சொந்த மண்ணில் கிணற்றை விட்டு அகலாத பறவை, புது மண்ணில் தலைமுறைக்குத் தலைமுறை தூரம் போகிற பறவையாகிக்கொண்டிருக்கிறது.

உடல் அளவு மாறினாலே மரபணு மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. நல்ல தீனி கிடைத்தால் எந்தக் குஞ்சும் பெரிதாக வளரும். ஆகவே இத்தகைய அளவுகளை டி.என்.ஏ.வோடு சேர்த்துப் படிப்பதுதான் முறை. மைனாவின் உறவுக்காரனான ஸ்டார்லிங்கை 1890இல் நியூயார்க் பூங்காவில் விட்டார்கள். எங்கள் சோளக்காட்டுக்குக் குளிர்காலத்தில் கூட்டமாக வருகிற சூறைக்குருவியும் அந்தக் குடும்பந்தான். அமெரிக்கா முழுக்கப் பரவிய ஸ்டார்லிங்குகள் மரபில் கிட்டத்தட்ட ஒரே கூட்டமாக இருந்தாலும், வெப்பத்தோடும் மழையோடும் சேர்ந்து மாறுகிற சில மரபணுப் பகுதிகள் அவற்றில் இருப்பதை 2021இல் காட்டினார்கள். சிட்டுக்குருவி 1850களில் அமெரிக்கா போனது. நூறு ஆண்டுகூட வேண்டியிருக்கவில்லை. வடக்கின் குளிரில் உடம்பு பெருத்தும், தென்மேற்கின் வறண்ட மண்ணில் நிறம் வெளுத்தும் குருவிகள் பிரிந்துவிட்டதை ஜான்ஸ்டனும் செலாண்டரும் 1964இல் பதிந்தார்கள்.

சிட்டுக்குருவியைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதுவே பழைய குடியேறிதான். மனிதன் தானியம் விதைக்கக் கற்ற பிறகு அவன் களத்தைத் தொடர்ந்து உலகம் பரவியது. மனிதரை அண்டாமல் காட்டுப் புல்விதை தின்று வாழ்கிற பாக்ட்ரியக் குருவி என்ற உறவுக் குருவி நடு ஆசியாவில் இன்னும் இருக்கிறது. இரண்டின் மரபணுவையும் 2018இல் ஒப்பிட்டபோது, வீட்டுக் குருவியில் மாறியிருந்த இடங்களில் ஒன்று மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு, இன்னொன்று மண்டையோட்டின் வடிவத்தோடு தொடர்புடையது. களத்துத் தானியம் பறவையின் வயிற்றையும் மண்டையையும் மாற்றியிருக்கிறது. லந்தக்கோட்டைப் பக்கம் இன்னும் நிற்கிற ஓட்டு வீடுகளின் இறவாணத்தில் கத்துகிற குருவிக்குள் வேளாண்மையின் வரலாறே இருக்கிறது.

மைனா செய்த கேட்டை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கான்பெராவில் ரொசெல்லா கிளிகள் முட்டையிடும் மரப்பொந்துகளை மைனா பிடித்துக்கொள்வதை 1990களிலேயே பதிந்துவிட்டார்கள். நம் ஊரில் பனை இருக்கிறது, கிணறு இருக்கிறது, பொந்துக்குப் போட்டியிடக் கிளியும் ஆந்தையும் பனங்காடையும் காலங்காலமாகப் பழகியிருக்கின்றன. அந்த ஊர்க் கிளிக்கு அப்படிப் பழக்கமில்லை. செஷல்ஸ் தீவுகளில் அரிய பறவைகளின் கூட்டைக் குலைத்ததால் சில தீவுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்து மைனாவை முழுதாக நீக்க வேண்டியிருந்தது. ஹவாயில் நடந்தது இன்னும் சிக்கல். அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணிச்செடியின் பழத்தை இந்தியாவிலிருந்து வந்த மைனா தின்று, விதையை மலையெல்லாம் எச்சமிட்டது. அதே உண்ணிச்செடி நம் சிறுமலைச் சரிவை மூடிக்கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, ஓர் உயிரை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மேய்ச்சல் காட்டைச் சீமைக்கருவேலம் பிடித்த கதையும் அதுதான்.

ஆனால் குற்றத்தைப் பறவையின் மேல் வைப்பதை நான் ஏற்கவில்லை. மைனா எந்தக் கடலையும் தானாகத் தாண்டவில்லை. ஆளுநரும் தோட்ட முதலாளியும் சங்கத்துக்காரரும் கூண்டில் அடைத்துக் கொண்டுபோனார்கள். வெட்டுக்கிளியைத் தின்றபோது அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள், தேவை முடிந்ததும் கேடு என்று பட்டியலில் போட்டார்கள். அங்குள்ள கிளிகளைக் காக்க மைனாவைக் குறைப்பது தேவையென்றால் செய்யட்டும். மனிதர் எழுதிய பகுதியையும் சேர்த்து அந்த வரலாற்றைச் சொல்லட்டும்.

நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. உலகெங்கும் சிதறிய மைனாக்கள் எதிலிருந்து மாறின என்று அளக்க வேண்டுமானால், மாறாத மூலக் கூட்டத்தின் பதிவு வேண்டும். அது இந்தியாவில்தான் இருக்கிறது. இந்தியாவிலும் ஊருக்கு ஊர் மரபு வேறு என்பதை அந்த மகாராஷ்டிரக் கூட்டமே காட்டிவிட்டது. அரிய பறவையைத் தேடிக் கொடைக்கானல் போகிறவர்கள் வழியில் மைனாவைக் கண்டால் எழுதுவதில்லை. எங்கும் இருக்கிறது என்பதால் எங்கும் பதியாமல் போகிறது. குஜிலியம்பாறை போன்ற மானாவாரி ஊர்களில் எத்தனை மைனா, எங்கே கூடு வைக்கிறது, எந்த மாதம் குஞ்சு பறக்கிறது என்று எழுதி வைக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு நோட்டுப் போதும்.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளையெல்லாம் எண்ணி ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில் பதிந்தால் போதும். குஜிலியம்பாறை, வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன்: மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கட்டிய பிறகு உங்கள் காட்டில் கால் மணி நேரம் நில்லுங்கள். மைனாவை விட்டுவிடாமல், எத்தனை என்ற எண்ணோடு எழுதுங்கள்.